பென்சிலைப் பிடுங்கிய குற்றம்

எங்கள் பள்ளியின் பி.டி.ஏ. தலைவர் ஒரு கோழை. மூன்றாம் வகுப்புப் பையனுக்குப் பயந்து ஆசிரியரை விட்டுக்கொடுத்தவர்.

என் வகுப்பில் ஒருவன் கூர் சீவிய பென்சிலால் பக்கத்துச் சிறுமியைக் கண்ணுக்குக் கீழே குத்தினான். ஓடிப்போய்ப் பென்சிலைப் பிடுங்கினேன். வெளியே நில் என்றேன். அடிக்கவில்லை. அடிக்கிற காலம் போய்விட்டது, போனதும் நல்லதுதான். சிறுமியை ஆட்டோவில் ஏற்றி நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

திரும்பி வருவதற்குள் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் எனக்குத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. மகனின் மனசு புண்பட்டதென்று பையனின் அப்பா அழுகிற முகங்களை வரிசையாகப் போட்டிருந்தார். குத்துப்பட்டவளுக்கு ஒரு முகமும் இல்லை.

மறுநாள் தலைவர் அந்த அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளை காலையில் புட்டு தின்னவில்லையாம். போலீசுக்குப் போவதா, டி.சி. வாங்கி வேறு பள்ளியில் சேர்ப்பதா என்று அப்பா யோசிக்கிறாராம். தலைமையாசிரியை போலீசுக்குப் பயப்படவில்லை, டி.சி.க்குத்தான் நடுங்கினார். எங்களுடையது கேரளப் பள்ளி; தமிழ்ப் பிரிவில் பிள்ளைகளின் தலை குறைந்தால் ஒரு டிவிஷனையே அரசாங்கம் எடுத்துவிடும். கூடவே, புதிதாகச் சேர்ந்த டீச்சரின் வேலையும் போகும். அதற்காகத்தானே கோடை வெயிலில் குடைபிடித்து வீடு வீடாகப் பிள்ளை கேட்டு அலைகிறோம்? அந்தப் பையனையும் நான்தான் கெஞ்சிச் சேர்த்தேன். கெஞ்சி வாங்கிய பிள்ளையை அதட்ட முடியுமா?

"ஒரு சாரி சொன்னா டீச்சருக்க வளையலா ஊரிப் போவும்?" என்றார் தலைவர். "அசெம்பிளியில வச்சு சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டு."

"குத்தினவன் ஆருகிட்ட சாரி சொல்லணும்?"

"அவன் குழந்தையாக்கும், டீச்சரே."

"குத்துப்பட்டவ கிழவியா?"

தலைமையாசிரியை மேசைக்கடியில் என் காலை மிதித்தார். புதிய டீச்சர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துத்தான் சம்மதித்தேன். அசெம்பிளியில் சாரி சொன்னேன். மைக்கில் எதைச் சொன்னாலும் கைதட்டும் பிள்ளைகள் அதற்கும் தட்டினார்கள்.

ஒரு வாரம் ஆகவில்லை. மைதானத்தில் வேறொருவன் கல்லை ஓங்கினான். கீழே போடச் சொன்னேன்.

"டீச்சரே, பின்ன சாரி சொல்ல வேண்டி வருமாக்கும்."

அவன்மேல் எனக்குக் கோபமில்லை. பெரியவர்கள் கற்றுக்கொடுத்த பாடத்தைப் பிழையில்லாமல் ஒப்பித்தான்.

தலைவரே, அடுத்த பொதுக்கூட்டத்தில் எல்லாப் பெற்றோர் முன்னிலையிலும் எழுந்து நில்லுங்கள். கல்லை ஓங்குகிற கையை நான் பிடிக்கலாமா, கூடாதா? அந்தச் சிறுமியின் அம்மாவும் வந்திருப்பார். அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.