அமிர்தம் டீச்சரின் பாதுகாப்புத் திட்டம்

எங்கள் பள்ளியில் இரண்டு பேருடைய பீரியடுக்குக் கதவும் கிடையாது, பூட்டும் கிடையாது. ஒன்று என்னுடையது. நான் ஓவிய ஆசிரியன், அதுவும் பகுதிநேரம். இன்னொன்று அமிர்தம் டீச்சருடையது. அவர் உடற்கல்வி ஆசிரியை, பிள்ளைகளுக்கு பி.டி. மிஸ். யாருக்குப் பாடம் முடியாவிட்டாலும் கை நீளுவது எங்கள் பக்கம்தான். அதிலும் கணக்கு வாத்தியார் பீமராவ் இத்தனை வருஷத்தில் கடன் வாங்கிய பீரியட்களை வைத்து அமிர்தம் டீச்சர் தனியாக ஒரு பள்ளிக்கூடமே நடத்தியிருக்கலாம்.

பீமராவ் கேட்கிற விதமே தனி. ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். யார் முகத்தையும் பார்க்கமாட்டார்.

"டீச்சர், இன்னிக்கு மட்டும் உங்க பீரியடைக் குடுங்க. போர்ஷன் பாக்கி கெடக்கு. நாளைக்குத் திருப்பித் தந்துடறேன்."

திருப்பித் தந்ததை நான் பார்த்ததில்லை. "அவரு காலண்டர்ல நாளைக்குங்கிற தேதியே கெடையாது ஜூட் சார்" என்பார் அமிர்தம் டீச்சர். சொல்லிவிட்டுச் சிரிப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

டீச்சருடைய பிறந்த ஊர் முக்கொம்புக்குப் பக்கம். வாழை போடுகிற குடும்பம். பள்ளிக்கூடத்துக்கு எப்போதும் தாமதமாகக் கிளம்பி வாய்க்கால் கரையோரம் ஓடியே பழகியதால் ஓட்டக்காரியானார். ஓட்டத்தால் கல்லூரி கிடைத்தது, கல்லூரியால் இந்த வேலை. கணவருக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. குவார்ட்டர்ஸிலிருந்து ஸ்கூட்டியில் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு வருவார். கழுத்தில் எப்போதும் விசில். காந்தி மார்க்கெட்டில் ஒரு மாடு வழிவிடாமல் நின்றபோது விசில் ஊதி நகர்த்தினார் என்று ஒரு பேச்சு உண்டு. நான் நம்புகிறேன்.

வேலைக்கு எடுத்தது விளையாட்டுக்கு. பார்த்ததென்னவோ விளையாட்டைத் தவிர மற்ற எல்லாம். பஸ் பாஸ் வாங்கித் தருவது, சத்து மாத்திரை கொடுப்பது, மயங்கி விழுந்த பிள்ளையை வீட்டில் கொண்டுபோய் விடுவது, தேர்தல் வேலை, விழாவில் கூட்டத்தை அடக்குவது எல்லாமே அவர் தலையில். அதனால்தான் 2021 அக்டோபரில் எங்கள் கல்வி மாவட்டத்தில் கொரோனாவால் மூடிக் கிடந்த சின்ன வகுப்புகளைப் பாதுகாப்பாகத் திறக்க ஒரு திட்டக் குழு போட்டு, பள்ளிக்கு ஓர் ஆளை அனுப்பச் சொன்னபோது, தலைமையாசிரியை மகாலட்சுமி யோசிக்கவே இல்லை.

"நீங்க போயிட்டு வாங்க அமிர்தம். டீ குடுப்பாங்க, குடிச்சிட்டு வாங்க. வாயை மட்டும் தொறக்காதீங்க" என்றார்.

இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அதற்கு முந்தின வாரம் நானும் டீச்சரும் புத்தகம் கொடுக்க வீடு வீடாகப் போயிருந்தோம். கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு வீட்டில் இளவேனில் என்று ஒரு பெண். ஏழாம் வகுப்பு. ஆறாம் வகுப்பில் சேர்ந்ததே ஊரடங்கில்தான் என்பதால் எங்கள் பள்ளி கேட்டைக்கூட அவள் பார்த்ததில்லை. கட்டிலில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அமிர்தம் டீச்சருக்கு எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்.

"எங்க, அந்த வேப்பமரம் வரைக்கும் ஓடிக் காட்டு."

"ஓடக் கூடாது மிஸ். அம்மா திட்டும்."

"ஏன் திட்டணும்?"

"ஓடினா மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினா பக்கத்து வீட்டுல கொரோனான்னு சொல்லிடுவாங்க."

திரும்பி வரும்போது டீச்சர் வண்டியை ஆமை வேகத்தில் ஓட்டினார். அவர் மெதுவாக ஓட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான். பாலத்தில் ஏறும்போது, "புள்ளைங்க ஓடறதுக்குப் பயப்படுதுங்க சார்" என்றார்.

குழுக் கூட்டத்துக்கு, படம் வரைய ஆள் வேண்டும் என்று சொல்லி, என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். கூட்டத்தை நடத்தியவர் அழகர்சாமி என்ற அதிகாரி. இரண்டு முகக்கவசம் போட்டிருந்தார், ஒன்றின் மேல் ஒன்று. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் எல்லா மைக்கும் அவர் முகத்துக்கு நேராகத்தான் வரும். வழிகாட்டு நெறிமுறையை வரி வரியாகப் படித்தார். பெஞ்சுக்கு எத்தனை பேர், எந்தெந்த வகுப்பு எந்தெந்த நாள், வாசலில் வெப்பமானி, காலைப் பிரார்த்தனைக் கூட்டம் வேண்டாம். எல்லாரும் தலையாட்டினார்கள்.

"விளையாட்டு வகுப்பு கூடாது" என்று படித்தார்.

அமிர்தம் டீச்சர் எழுந்துவிட்டார். டீ இன்னும் வந்திருக்கவில்லை.

"சார், ஒன்றரை வருஷமா உக்காந்தே இருந்த புள்ளைங்க. கொஞ்ச நேரமாச்சும்..."

"உத்தரவுல இருக்கும்மா. நான் மாத்த முடியாது. மீறினா மெமோதான், நான் ஒண்ணும் பண்ண முடியாது."

டீச்சர் உட்கார்ந்தார். உடனே மறுபடி எழுந்தார்.

"சரிங்க சார். வேற ஒண்ணு. நீங்க கிளாஸ் ரூமுக்குத்தான் திட்டம் போடறீங்க. கிளாஸ்ல உக்காந்திருக்கற புள்ள எங்க சார் போகப் போவுது? பெல் அடிச்சதும் எல்லாம் கொழாயடிக்கு ஓடும் பாருங்க, ஒண்ணு மேல ஒண்ணு விழும். கை கழுவப் போயி நோயை வாங்கிட்டு வரும்."

எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அங்கிருந்த அத்தனை பேரும் என்றைக்கோ ஒருநாள் குழாயடிச் சண்டையை விலக்கியவர்கள். அழகர்சாமி பேனாவை எடுத்தார். "சரியாச் சொன்னீங்க. அதுக்கு நீங்களே ஒரு திட்டம் குடுங்க. படத்தோட."

கூட்டம் முடிந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். ஈர மேஜையில் டீச்சர் விரலால் கோடு போட்டார். ஒரு கட்டம், அதற்கு மேல் ஒரு கட்டம், அப்புறம் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு, மறுபடி ஒன்று, மறுபடி இரண்டு. உச்சியில் ஓர் அரைவட்டம்.

"அரைவட்டத்துலதான் கொழாய். புரியுதா சார்?"

"டீச்சர், இது பாண்டி. எங்கக்கா தெருவுல நொண்டி அடிச்சு ஆடுவா."

"பாண்டின்னு யாரு சொன்னா? இது கைகழுவும் இடைவெளிக் கட்டம். கொஞ்சம் கவர்மெண்டு கணக்கா வரைஞ்சு குடுங்க."

நான் தயங்கினேன். பகுதிநேர ஆசிரியனை வீட்டுக்கு அனுப்ப மெமோகூடத் தேவையில்லை, வராதே என்றால் போதும். ஆனாலும் அவருக்கு ஒரே நினைப்புதான் என்பது எனக்குத் தெரியும். அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் நாளே கால் தூக்கிக் குதிக்க வேண்டும். கட்டத்தைப் பார்த்தால் கால் தானாக எழும்பும், யாரும் சொல்லத் தேவையில்லை, சொல்லாததற்கு மெமோ கொடுக்க முடியாது என்பது அவர் கணக்கு. வரைந்து கொடுத்தேன். கட்டத்துக்கு மூன்றடி என்று அம்புக்குறியெல்லாம் போட்டேன். படம் பார்க்க ஏதோ அணைக்கட்டு வரைபடம் மாதிரி கம்பீரமாக இருந்தது.

அழகர்சாமி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இங்க எதுக்கு ரெண்டு கட்டம் பக்கத்துல பக்கத்துல?"

"கழுவிட்டுத் திரும்பி வர்ற புள்ளைக்கு ஒதுங்க எடம் வேணும்ல சார்" என்றார் டீச்சர், கண் சிமிட்டாமல்.

"நல்லா இருக்கே. முதல் நாள் உங்க ஸ்கூலுக்கு நானே வரேன். பிள்ளைங்க ஒழுங்கா நின்னுச்சுன்னா மாவட்டம் பூரா இதையே அனுப்பிடலாம்."

வெளியே வந்ததும் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாவட்டம் பூரா சார்" என்றார். சிரிப்பதா பயப்படுவதா என்று அவருக்கே தெரியவில்லை.

நவம்பர் முதல் தேதி. மழை விட்டு விட்டுத் தூறியது. குழாயடிக்கு மேலே தகரக் கூரை இருந்ததால் நான் பூசிய மஞ்சள் பெயிண்ட் தப்பியது. பிள்ளைகள் வந்தார்கள். சீருடை எல்லாருக்கும் சின்னதாகிப் போயிருந்தது. வாசலில் பீமராவ் வெப்பமானியை நெற்றி நெற்றியாக நீட்டிக்கொண்டிருந்தார். "ஓடாதே, தொடாதே, பக்கத்துல நிக்காதே" என்று காலையிலிருந்து ஆளாளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அழகர்சாமியும் வந்து தலைமையாசிரியை பக்கத்தில் நின்றார்.

பெல் அடித்தது. ஏழாம் வகுப்பு குழாயடிக்கு வந்தது. முதலில் இளவேனில்.

அவள் நடந்தாள். முதல் கட்டத்தில் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றாள். அடுத்த கட்டத்துக்கு நடந்தாள், நின்றாள். அவள் பின்னால் வந்தவனும் அப்படியே. ஒரு பிள்ளைகூடக் குதிக்கவில்லை, ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. ரேஷன் கடை வரிசையில் பெரியவர்கள் நகர்வது போல் நகர்ந்தார்கள்.

"அருமை. என்ன ஒழுங்கு பாருங்க" என்றார் அழகர்சாமி.

மகாலட்சுமி பூரித்துப்போனார். அமிர்தம் டீச்சரைத் திரும்பிப் பார்த்தேன். முகக்கவசத்துக்கு மேலே கண் நிறைந்திருந்தது.

"நடக்குதுங்க ஜூட் சார்" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "பாண்டியில போயி நடக்குதுங்க."

அவர் சொல்லிக்கொடுக்கவும் முடியாது. உத்தரவு போட்டவர் பக்கத்திலேயே நிற்கிறார். எனக்கு எதையாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது, கால் வரவில்லை. நான் அப்படித்தான்.

அப்போது பீமராவ் வெப்பமானியை என் கையில் திணித்தார்.

"சார், பிள்ளைங்க சரியாப் பண்ணலை. நான் ஒரு தடவை செஞ்சு காட்டட்டுமா?" என்று அழகர்சாமியிடம் கேட்டார்.

"தாராளமா."

பீமராவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்து முதல் கட்டத்தில் போட்டார். பேன்ட்டை லேசாக உயர்த்தி வலது காலை மடக்கினார். முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வருகிற மனிதர். முதல் கட்டத்தைத் தாண்டி இரண்டாவதில் ஒற்றைக் காலில் விழுந்தார். அங்கிருந்து இரட்டைக் கட்டத்தில் இரண்டு காலையும் பரப்பி நின்றார். தொப்பை ஒருமுறை குலுங்கி அடங்கியது. மறுபடி ஒற்றைக் கால், மறுபடி இரட்டை. அரைவட்டத்தில் போய் நின்று, ஒன்றுமே நடக்காதது போல் கை கழுவினார்.

மழைத் தூறல் கேட்டது. மகாலட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சார் இது?" என்றார் அழகர்சாமி.

"இடைவெளி சார்" என்றார் பீமராவ், மூச்சு வாங்கிக்கொண்டே. "ஒத்தைக் கால்ல நிக்கிறவன் பக்கத்துல இருக்கிறவனைத் தள்ள மாட்டான். தள்ளினா இவனே விழுந்துடுவான்."

"சாக்பீஸ் எதுக்கு?"

"அது கெடக்கிற கட்டத்துல யாரும் கால் வைக்கக் கூடாது. நடுவுல ஒரு கட்டம் காலியா இருக்கணும்ல சார், நெறிமுறைப்படி."

அழகர்சாமி கட்டங்களை உச்சி முதல் அடி வரை பார்த்தார். பிறகு அமிர்தம் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த அதிகாரிக்கும் பாண்டி ஆடிய அக்கா தங்கை இருந்திருப்பார்கள் அல்லவா என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இதை எங்கேயும் விளையாட்டுன்னு மட்டும் எழுதிடாதீங்க" என்றார் அழகர்சாமி. "மாவட்டம் பூரா அனுப்பிடுங்க. சாக்பீஸோட."

அவர் கார் கேட்டைத் தாண்டியதும் இளவேனில் சாக்பீஸை எடுத்தாள். போட்டாள். காலை மடக்கினாள். முதல் முறை தடுமாறிக் கையை ஊன்றிவிட்டாள். இரண்டாம் முறை அரைவட்டம் வரை போனாள். அங்கே குழாயைப் பிடித்துக்கொண்டு நின்று திரும்பினாள்.

"மிஸ், மூச்சு வாங்குது."

"வாங்கட்டும்டி" என்றார் அமிர்தம் டீச்சர். "நல்லா வாங்கட்டும்."

அன்று மதியம் கடைசி பீரியட், ஏழாம் வகுப்புக்குக் கணக்கு. பீமராவ் நொண்டிக்கொண்டே ஸ்டாஃப் ரூம் வாசலுக்கு வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். போச்சு, ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தேன். இன்றைக்கு வாங்குவதற்கு அமிர்தம் டீச்சரிடம் பீரியடே இல்லையே என்றும் நினைத்தேன்.

"டீச்சர், என் பீரியடை எடுத்துக்கிறீங்களா? உங்களுக்குப் போர்ஷன் நெறைய பாக்கி கெடக்கு. டைம் டேபிள்ல கணக்குன்னுதான் இருக்கு. யாராச்சும் கேட்டா கட்டத்தை எண்ணுறாங்கன்னு சொல்லிக்கலாம்."

டீச்சர் மேஜையைத் திறந்தார். காலையில் கழற்றி வைத்திருந்த விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"இன்னிக்கு மட்டும்தான் சார். நாளைக்குத் திருப்பித் தந்துடறேன்."

இதுவரைக்கும் தரவில்லை.