தண்ணீருக்குக் கழித்த புள்ளி

என் வாழ்நாளில் கூடைப்பந்தில் நான் எடுத்த புள்ளிகள் மொத்தம் இரண்டு. அந்த இரண்டிலும் ஒன்றைக் கழித்துவிட்டார்கள். ஏன் கழித்தார்கள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். நானும் இப்போது சிரிக்கிறேன். அன்றைக்கு எனக்கு வந்தது எரிச்சல்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் எனக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் மனைவி மலையில் கொழுந்து பறித்தாள். கை வேகமான கை, வாய் அதைவிட வேகம். குறித்த ராத்தல் எடை பறித்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி போடுவார்கள், குறைந்தால் அரைப்பேர். அவள் பறிப்பதில் குறை இருக்காது. ஆனால் மழை பெய்தால் கொழுந்தில் தண்ணீர் இருக்கிறதென்று ஆளுக்கு இத்தனை ராத்தல் என்று, நிறுத்து எழுதுகிற கணக்கப்பிள்ளை கழித்துவிடுவார். அந்த மழைக்காலம் முழுக்க, நாளெல்லாம் அட்டைக்கடி பட்டுவிட்டு அரைப்பேரோடுதான் லயத்துக்கு, எங்கள் வரிசை வீட்டுக்கு, வந்தாள். வந்ததும் அந்தக் கோபத்தை அடுப்பின் மேலும் என் மேலும் சரிபாதியாகக் காட்டுவாள்.

கணக்கப்பிள்ளை கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். தராசில் கள்ளம் செய்ய மாட்டார். தண்ணீருக்குக் கழிப்பது, தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரரான பெரியதுரையின் உத்தரவு. கழித்துக் கழித்து அது கணக்கப்பிள்ளைக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. வீட்டுக்குப் பால் வாங்கும்போதும் தண்ணீருக்குக் கழித்துத்தான் வாங்குவார் என்று பெண்கள் கேலி பேசுவார்கள்.

அந்தச் சமயத்தில் பெரியதுரைக்குக் கீழே புதிதாக ஒரு சின்னத்துரை வந்தார். இளவயது, சும்மா இருக்கத் தெரியாத ஆள். கொழும்பில் எங்கேயோ கூடைப்பந்து ஆடுவதைப் பார்த்துவிட்டு, அதை இங்கேயும் ஆட வேண்டும் என்று பிடித்த பிடியில் நின்றார். காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், இரண்டு பக்கமும் கம்பம் நட்டு, அடி பிய்ந்துபோன கொழுந்துக் கூடைகளைக் கட்டினார். பந்துக்கு ஆள் அனுப்பினார். நுவரெலியாக் கடையில் கால்பந்துதான் இருந்தது. அதுவே போதும் என்றார்.

ஸ்டோர் ஆட்கள் ஒரு கட்சி, மலை ஆட்கள் ஒரு கட்சி. எங்கள் கட்சியில் ஓர் ஆள் குறைந்ததால் சின்னத்துரையே சேர்ந்துகொண்டார். பந்து கூடையில் விழுந்தால் இரண்டு புள்ளி. யார் எத்தனை போட்டார் என்று ஆள்வாரியாகக் கணக்கு வைக்க வேண்டும் என்றார். தோட்டத்தில் ஆள்வாரிக் கணக்கென்றால் வேறு யாரைக் கூப்பிடுவது? கணக்கப்பிள்ளை கோட்டை மாட்டிக்கொண்டு, காதில் பென்சில் செருகி, குடையோடு வந்து உட்கார்ந்தார்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாளும் என் மனைவிக்கு அரைப்பேர். "நான் வரலைங்க. நீங்க துள்ளுறதைப் பாக்குறதுக்கு அடுப்புல வேலையாச்சும் பாக்கலாம்" என்றாள். சொல்லிவிட்டு எனக்கு முன்னால் போய் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

ஆட்டம் தொடங்கும்போதே தூறலும் தொடங்கியது. சின்னத்துரைக்குத் தெரிந்த தமிழெல்லாம் வேலை வாங்குகிற தமிழ். பந்து வேண்டுமென்றால் "சீக்கிரம் கொண்டா" என்பார், நாங்களும் பழக்க தோஷத்தில் ஓடிப்போய்க் கையில் கொடுத்துவிடுவோம். எதிர்க்கட்சியில் தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக்காரர் ஒருவர் இருந்தார். பனைமரம் போல ஆள். அவர் கையைத் தூக்கினாலே பாதிக் கம்பம் ஏறியாயிற்று. மற்ற நாலு பேரும் பந்தை அவரிடம் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். எங்கள் பக்கம் சின்னத்துரை நாலு தடவை போட்டார், மற்ற நாங்கள் ஆளுக்கொன்று போட்டோம். நான் போட்டதும் எப்படி என்று எனக்கே தெரியாது. சேற்றில் வழுக்கி விழுகிற நேரத்தில் கையிலிருந்த பந்து போய்க் கூடைக்குள் இறங்கிவிட்டது. மல்லாந்து கிடந்தபடியே என் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு உலகமே கைக்குள் வந்தமாதிரி இருந்தது.

முடிவில் கணக்கப்பிள்ளை எழுந்து, பேர் கூப்பிடுகிற அதே குரலில் படித்தார். கவ்வாத்துக்காரர், பதின்மூன்று. சின்னத்துரை, ஏழு. நான், ஒன்று. ஸ்டோர் கட்சியின் மற்ற மூன்று பேருக்கும் ஒவ்வொன்று. சும்மா ஓடியவர்களுக்குப் பூஜ்யம், அவர்களிடம் கழிக்க ஒன்றும் இல்லை. மலைக்குப் பதின்மூன்று, ஸ்டோருக்குப் பதினொன்று, மலைக்கு வெற்றி என்றார்.

சின்னத்துரையின் முகம் சிவந்தது. நாலு தடவை போட்டவருக்கு ஏழு எப்படி வரும்? "என்னா கணக்கு இது? என் ஒண்ணு எங்கே?"

"தண்ணிக்குக் கழிச்சேனுங்க" என்றார் கணக்கப்பிள்ளை. "மழை பேஞ்சா ஆளுக்குக் கழிக்கணும்னு உத்தரவுங்களே. பந்து சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்திச்சு. எல்லாருக்கும் ஒரே மாதிரிதாங்க கழிச்சேன், பாரபட்சம் இல்லீங்க."

அவர் கேலி பேசவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கூடை, மழை, ஆள்வாரிக் கணக்கு மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் அவர் கை தானாகவே கழிக்கும். சின்னத்துரைக்கோ தாங்கவில்லை. தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். "கூடையிலே விழுந்தது விழுந்தது. தண்ணி என்னா செய்யும்?"

அப்போது முதல் வரிசையிலிருந்து என் மனைவி எழுந்தாள். துரையிடம் வாய் கொடுத்தவர்களைத் தோட்டத்தைவிட்டே அனுப்பியிருக்கிறார்கள்.

"தொரை, ஒண்ணு கேக்கலாங்களா? உங்களுக்கு ஒரு புள்ளி போனதுக்கே இவ்வளவு கோவம் வருது. எங்க கூடையில விழுந்ததுல தெனம் போகுதுங்க. நேத்தும் எனக்கு அரைப்பேருதாங்க. நாங்க எந்தத் தொப்பியக் கழட்டி அடிக்கிறது?"

சின்னத்துரை அவளைப் பார்த்தார், கணக்கப்பிள்ளையைப் பார்த்தார், சேற்றில் கிடந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு பங்களாவுக்கு ஏறிப் போய்விட்டார். அந்த ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்பது இன்றுவரை முடிவாகவில்லை. அன்றிரவு எனக்குப் பயம். அவளுக்கும் இருந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த சில நாள் மழை ஓய்ந்திருந்தது. பிறகு ஒரு நாள் பேய்மழை. ஸ்டோர் வண்டியோடு நான் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போயிருந்தேன். ஒரு நாளும் நிறுவைக்கு வராத சின்னத்துரை அங்கே தராசுப் பக்கத்தில் நின்றார். எங்களைத் தோட்டத்தைவிட்டுப் போகச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

என் மனைவியின் முறை வந்தது. கூடை தராசில் ஏறியது. கணக்கப்பிள்ளை பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுவிட்டார். ஆட்டத்தன்று பட்ட சூடு ஆறவில்லை. "தொரை, கழிக்கவாங்களா, வேணாங்களா?"

உத்தரவு பெரியதுரையுடையது. அதை மாற்றச் சின்னத்துரைக்கு அதிகாரமில்லை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவர் மடுவத்துக்கு வெளியே இரண்டடி வைத்து வானத்தை அண்ணாந்து பார்த்தார். மழை அவர் முகத்திலேயே அடித்தது. தொப்பி விளிம்பிலிருந்து தண்ணீர் கோட்டுக்குள் இறங்கியது.

"இன்னைக்கு மழை இல்லை" என்றார்.

கணக்கப்பிள்ளை வானத்தைப் பார்த்தார். துரையைப் பார்த்தார். பிறகு, தராசு காட்டியதை அப்படியே எழுதினார்.

அவள் வெளியே வந்து என் பக்கத்தில் நின்று, கம்பளியைக் கழற்றிப் பிழிந்தாள். என் கால் நனைந்தது.

"முழுப்பேருங்க" என்றாள்.

"இப்படி நனைஞ்சிருக்கியே" என்றேன்.

"எங்கேங்க நனைஞ்சேன்? மழையே பெய்யலையே" என்று சொல்லிவிட்டு, கொட்டுகிற மழையில் தலைகூட மூடாமல் லயத்துக்கு நடந்தாள்.