கடைசி ஸ்வரம் முடிந்ததும் பேசக் கூடாது

பீர்மேட்டுக்கு மேலே எங்கள் எஸ்டேட் சர்ச்சில் ஒரு பழைய பியானோ இருக்கிறது. வாரநாட்களில் தேயிலை ஃபாக்டரி விசிறிகளின் இரைச்சல் அங்கே ஓயாது. அதனால் ஞாயிறு ஆராதனை முடிந்து சனம் கலைந்த பிறகு ஒலிப்பதிவை வைத்துக்கொண்டோம். நான் பியானோ, என் மனைவி வயலின். இன்றைக்கும் உயிரோடிருக்கும் ஒரு ருஷ்யக்காரர் இந்த இரண்டு வாத்தியங்களுக்கென்று எழுதிய சொனாட்டா. அதன் முடிவில் வயலின் ஒரு மெல்லிய ஸ்வரத்தை நீளமாகப் பிடித்து, கரைந்து, நின்றுவிடும். பிறகு மௌனம். அந்த மௌனத்தையும் மனுஷன் எழுதியே வைத்திருக்கிறார்.

என் பயம் சங்கீதத்தைப் பற்றியது அல்ல. மனைவியின் இடது மோதிரவிரல் சில மாதங்களாக மடங்கினால் நிமிர மறுத்தது. செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை. கை நன்றாகிவிடும், ஆனால் பழையபடி வயலின் வாசிக்க வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அவள் வடகரப்பதி விவசாயக் குடும்பத்துப் பெண், லேசில் அசையமாட்டாள். "ஒண்ணும் ஆகாதுங்க, நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்பாள். எனக்குத்தான் வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

மற்றப் பகுதிகளைப் பதிவு செய்துவிட்டோம். கடைசிப் பகுதியும் அற்புதமாக வந்தது. ஸ்வரம் கரைந்து மௌனம் தொடங்கிய நேரம், பின்வரிசையிலிருந்து நிறைந்த குரலில் "ஆமென்" என்று கேட்டது. சொன்னவர் கோவில்பிள்ளை. மணியடித்து, சர்ச்சைப் பெருக்கிப் பூட்டுகிறவர்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணாச்சி, இது என்ன ஜெபமா? ரெக்கார்டிங் ஓடுதுல்லா?"

"பழக்கதோசம் தம்பி. நல்லா முடிஞ்சா வாய் தானாச் சொல்லிருது."

"அந்த வாயைக் கொஞ்சம் பொத்திக்கிட்டு இருங்க."

அவர் தோளில் கிடந்த துண்டால் நிஜமாகவே பொத்திக்கொண்டார். அதைப் பார்த்தும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனைவி ஃபிளாஸ்க் மூடியில் வெந்நீர் ஊற்றி விரலை நனைத்துக்கொண்டிருந்தாள். கணு சிவந்து வீங்கியிருந்தது.

"இன்னும் ஒருக்காத்தானுங்க முடியும்" என்றாள்.

ரெக்கார்டரை ஓடவிட்டு உட்கார்ந்தேன். வெளியே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. ஈரம் ஏறினால் தந்தியில் சுருதி நிற்காது. அதைவிட அந்த விரல். நடுவில் ஓரிடத்தில் அது மடங்கியது, கொஞ்சம் தாமதித்தே நிமிர்ந்தது. அதற்கப்புறம் கைதான் பியானோவில் இருந்தது, மனசு இல்லை. கர்த்தாவே, இந்தப் பக்கம் மட்டும். இந்த வரி மட்டும். இந்த விரலை எங்களிடமிருந்து எடுத்துவிடாதேயும்.

கடைசி ஸ்வரம் வந்தது. வில் நடுங்காமல் நுனிவரை போய் நின்றது. மௌனம். அதற்குள்ளே மறுபடியும் ஒரு "ஆமென்".

கடுப்போடு திரும்பினேன். கோவில்பிள்ளையின் வாயில் துண்டு அப்படியே இருந்தது. அதற்கு மேலே அவர் கண்கள் என்னைத்தான் பார்த்தன. சொன்னது நான்.

"ஊருக்குத்தானுங்க உபதேசம்" என்றாள் மனைவி. ஆனால் சிரிக்கவில்லை. வயலினை மடியில் வைத்துவிட்டு, அந்த விரலை மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, அது எனக்காகச் சொன்னதுங்களா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ரெக்கார்டரை நிறுத்த எழுந்தவனை அவள் விடவில்லை.

"எனக்குப் பயமா இருக்குதுங்க. இன்னொருக்கா சொல்லுங்க."