அம்மாவின் பிராந்தி பாட்டில்

எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. ஆனாலும் அடுப்படி அலமாரியில் ஒரு பிராந்தி பாட்டில் எப்போதும் இருந்தது. முத்தியால்பேட்டையில் எங்கள் தெருக்கோடியில் இருந்த சொல்தா வீட்டில் அம்மா கேட்டு வாங்கி வந்தது அது. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அழகான பாட்டில்களுக்கு அந்த வீடுகளில் பஞ்சமே கிடையாது.

பாட்டில், மருந்து வாங்குவதற்கு. அப்பா பஞ்சாலையில் தறி ஓட்டினார். மில்காரர்களுக்கென்று தனியாக ஒரு மருந்தகம் இருந்தது. சம்பளத்தில் மாதாமாதம் கொஞ்சம் பிடித்துக்கொண்டு ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள். அதைக் காட்டினால் குடும்பத்துக்கே வைத்தியம் பார்ப்பார்கள். மருந்து அவர்களுடையது, பாட்டில் நம்முடையது. கம்பவுண்டர் ரோஸ் நிறத் தண்ணீரை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று காட்ட ஒரு காகிதத்தைப் பல் பல்லாக வெட்டிப் பாட்டில் மேல் ஒட்டித் தருவார். அதை ஏந்திக்கொண்டு அம்மா பட்டப்பகலில் வீதியில் நடந்து வருவாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாதே என்று நான் பத்தடி தள்ளி, வேறு யார் வீட்டுப் பெண்ணோ மாதிரி நடப்பேன்.

மருந்தகத்தில் நிற்கும் வரிசையும் லேசுப்பட்டதில்லை. காலையில் போனால் வெயில் ஏறித்தான் திரும்ப முடியும். சம்பள நாளில் அப்பா முணுமுணுப்பார்.

"நாம என்னா தினமுமா காய்ச்சல்ல படுத்துக்கினு இருக்கறோம்? மாசா மாசம் புடிக்கிறான்."

அப்பாவுக்கு அடுத்த தறியில் நின்றவரை நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். அவருக்குக் காசநோய் வந்தது. வேலைக்குப் போக முடியாமல் மாதக்கணக்கில் படுத்திருந்தார். அந்த அட்டையினால், படுத்திருந்த நாளுக்கும் சம்பளத்தில் ஒரு பங்கு அவர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. உடம்பு தேறி, மறுபடி அதே தறியில் வந்து நின்றார். நாங்கள் எல்லோரும் அதை அவருடைய அதிர்ஷ்டம் என்றுதான் பேசிக்கொண்டோம். அட்டையின் வேலை அது என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு அப்பாவை மேஸ்திரி ஆக்கினார்கள். சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் அட்டை கிடையாது என்பது சட்டம். அப்பா அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆட்டுக்கறியோடு வீட்டுக்கு வந்தார். பிடித்தம் ஒழிந்தது என்று அவருக்குச் சந்தோஷம். வரிசை ஒழிந்தது என்று அம்மாவுக்குச் சந்தோஷம். "மேஸ்திரி பொண்டாட்டி பாட்டில தூக்கிக்கினு நின்னா நல்லாவா இருக்கும்?" என்று அவளே கேட்டு அவளே சிரித்தாள். பிராந்தி பாட்டில் நல்லெண்ணெய் பாட்டிலாகிவிட்டது. மருந்தகத்துக்குப் போவது அந்தஸ்துக் குறைவு என்றும், காசு கொடுத்து டாக்டரைப் பார்ப்பதுதான் மரியாதை என்றும் எங்கள் தெருவில் எல்லோரும் நினைத்தார்கள். நாங்கள் மட்டும் என்ன, வானத்திலிருந்து குதித்தவர்களா?

அப்பாவுக்கு இருமல் வந்தது. மரியாதையான டாக்டர் மரியாதையான சிரப் எழுதிக் கொடுத்தார். சிரப் தீர்ந்தது, இருமல் தீரவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மாமாவுக்கு வந்த அதே நோய் என்றார்கள்.

ஊசியும் மாத்திரையும் அங்கே இலவசம்தான். அதை நான் மறைக்கக் கூடாது. ஆனால் நோயாளிக்கு முட்டை, பால், கறிச்சாறு என்று கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதை யார் இலவசமாகத் தருவார்கள்? மேஸ்திரிக்கு இருந்த லீவு தீர்ந்ததும் சம்பளம் நின்றது. நாங்கள் நால்வரும் சாப்பிட வேண்டும், தம்பிக்கும் எனக்கும் பள்ளிக்கூடம் இருந்தது. முதலில் அம்மாவின் வளையல் போனது, பிறகு சங்கிலி. கடைசியில் வீடு.

இரண்டே அறை, ஒரு முற்றம், முற்றத்தில் முல்லைப் பந்தல். அம்மாவின் அண்ணன்கள் கொடுத்த பணத்தில் அவள் பேரிலேயே வாங்கிய வீடு. சாயங்காலம் ஆனால் பந்தலடியில் உட்கார்ந்து பூ கட்டுவாள். விரல்கள் அது பாட்டுக்கு ஓடும், வாய் எங்களைத் திட்டிக்கொண்டிருக்கும். அந்த வாசனையையும் அந்தத் திட்டையும் சேர்த்துத்தான் நான் வீடு என்று சொல்கிறேன். அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் குடியிருந்துவிட்டேன். ஒன்றையும் என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

குருசுக்குப்பத்தில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தோம். "டாக்டர் நல்ல காத்து வேணும்னாரு இல்ல, கடலே பக்கத்துல வந்துடிச்சி பாரு" என்றார் அப்பா. சிரிக்க வைக்கப் பார்த்தார். அம்மா சிரிக்கவில்லை.

அப்பா தேறினார். மில்லுக்குப் போய், தன்னை மறுபடியும் தறிக்கே அனுப்பிவிடும்படி கேட்டார். மேலே ஏறியவன் தானே இறங்க வருவதை அங்கே யாரும் பார்த்ததில்லையாம். கேலி பேசினார்கள். ஆனாலும் தறி கிடைத்தது. கொஞ்ச மாதங்களில் அட்டையும் வந்தது.

அட்டை வந்த மறுநாள் அம்மா நல்லெண்ணெயை வேறு டப்பாவில் ஊற்றிவிட்டு, சீயக்காய் போட்டு அந்தப் பாட்டிலைத் தேய் தேய் என்று தேய்த்தாள். என்னையும் கூட்டிக்கொண்டு மருந்தகத்துக்குப் போனாள். வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்தது.

"யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றார் டாக்டர்.

"யாருக்கும் ஒண்ணும் இல்லீங்க. இது செல்லுமான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "செல்லும்மா. தாராளமா செல்லும்" என்று சொல்லி, பாட்டிலில் சத்து மருந்து ஊற்றித் தரச் சொன்னார்.

இன்று நான் வருடா வருடம் மருத்துவக் காப்பீட்டுக்குப் பணம் கட்டுகிறேன். நோய் ஒன்றும் வரவில்லையே, கட்டினது வீணாகப் போகிறதே என்று என் கணவர் அங்கலாய்ப்பார். வீணாகவே போகட்டும் என்று நான் சொல்வேன். சொல்லும்போது எனக்கு அன்றைக்குத் திரும்பி வந்த வழிதான் ஞாபகத்துக்கு வரும்.

மருந்தகத்திலிருந்து குருசுக்குப்பத்துக்கு நேராகப் போயிருக்க வேண்டும். அம்மா பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு, செல்லும் என்று டாக்டர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லியபடி, பழைய வழியிலேயே நடந்தாள். நானும் கவனிக்கவில்லை, இந்த முறை அவளை ஒட்டியே நடந்தேன். எங்கள் வாசல் வந்ததும் வழக்கம்போல் கொக்கியைத் தூக்கிக் கதவைத் தள்ளிவிட்டாள். முற்றத்தில் முல்லைப் பந்தலடியில் யாரோ ஒரு பெண் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள்.

"யார் வேணும்?" என்று அவள் கேட்டாள்.