ஒவ்வொரு ஜன்னலும் ஒரு அளவு

மந்தைவெளியில் எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். அடுக்குமாடி வரப்போகிறது. எங்கள் பக்கத்தில் இது அடிக்கடி நடப்பதுதான். ஆனால் அந்த வாரம் என் மேசையில் ஒரு வேலை இருந்தது. சைதாப்பேட்டையில் ஆற்றை ஒட்டி, வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளுக்கான காப்பகம். புயலில் கூரை பறந்து, சுவர் விரிசல் விட்டுக் கிடந்தது. கையிலிருந்த நன்கொடையில் புதிதாகக் கட்டி முடிப்பது கடினம். நான் கட்டட வடிவமைப்பாளர். அபிராமபுரத்தில் நானும் ஒரு தோழியுமாக அலுவலகம் வைத்திருக்கிறோம்.

பழைய பொருள் ஏதாவது கிடைக்குமா என்று இடிப்பவரிடம் போய்க் கேட்டேன். "தேக்கெல்லாம் வித்தாச்சும்மா. ஜன்னல், செங்கல் வேணும்னா எடுத்துக்கோ. எப்படியும் குப்பைக்குப் போறதுதான்" என்றார்.

நானும் தோழியும் ஒவ்வொரு ஜன்னலையும் கைப்பேசியில் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தோம். அந்தப் படங்களிலிருந்து மென்பொருள் அதன் உருவத்தை அளவோடு கணினியில் எழுப்பிவிடும். வழக்கமாகச் சுவரை வரைந்துவிட்டு ஜன்னல் தேடுவோம். இங்கே தலைகீழ். இந்த ஜன்னல்களை வைத்து எப்படிச் சுவர் எழுப்பலாம் என்று கணினியைக் கேட்டோம். அது காட்டிய வடிவங்களைப் பார்த்துக்கொண்டே இருவரும் டீயை ஆறவிட்டோம்.

காப்பகத்தை நடத்தும் அக்காவிடம் லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். அவர் முகம் சுருங்கியது.

"இடிச்ச ஊட்டு ஜன்னலா? அவுங்க வேணாம்னு போட்டத எங்க புள்ளைங்களுக்கு மாட்டுவியா? எங்களுக்கு எப்பவுமே பழசுதானா?"

செலவு குறையும், மரம் உறுதி என்று நான் யோசித்து வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டேன். "பிடிக்கலைன்னா வேணாம்க்கா. ஒரு தடவை நேர்ல வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் இடிக்கும் வீட்டுக்கு வந்தார். நாங்கள் பச்சை பெயின்டைச் சுரண்டி வைத்திருந்த ஒரு ஜன்னலைத் திறந்து மூடினார். கம்பியை ஆட்டிப் பார்த்தார். பிறகு லேப்டாப்பைக் கேட்டார்.

"இது இன்னா இவ்ளோ மேல கீது? புள்ளைங்களுக்கு ரயிலு தெரியாதே."

காப்பகத்துக்குப் பின்னால் மின்சார ரயில் போகும். எனக்கு அது தோன்றவே இல்லை. மௌஸை அவரிடம் கொடுத்தேன். ஜன்னலைப் பிடித்து, குழந்தையின் கண் மட்டத்துக்கு இழுத்து இறக்கினார். படத்திலிருந்த செங்கல் வரிசைகள் தாமாக நகர்ந்து இடம் கொடுத்தன.

"அட!" என்று சிரித்தார். அதன்பின் மௌஸை விடவில்லை. பெரிய ஜன்னல் சமையல் பக்கம் போனது. பிள்ளைகள் தூங்கும் மூலையில் வெயில் படாத இடத்தை அவரே தேடினார்.

கொத்தனார் முதலில் முனகினார், ஒரு ஜன்னல்கூட இன்னொன்றின் அளவில் இல்லையே என்று. ஒவ்வொரு செங்கல் வரிசைக்கும் நாங்கள் அச்சிட்டுக் கொடுத்த படங்களைப் பார்த்துக் கட்ட ஆரம்பித்ததும் வேலை ஓடியது. காப்பகம் திறந்த அன்று, தாழ்ந்த ஜன்னலில் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து ரயிலுக்குக் கை காட்டினார்கள்.

"ஜன்னல்லாம் புச்சாக்கா?" என்று ஒரு தாய் கேட்டார்.

"இல்ல. நாங்களே பாத்துப் பொறுக்கினு வந்தது" என்றார் அக்கா.

போன வாரம் அவரிடமிருந்து போன். பின்னால் பஸ் இரைச்சல்.

"தி.நகர்ல ஒரு ஊட்ட இடிச்சிக்கினு கீறாங்க. கதவெல்லாம் நல்லா கீது. பெரிய புள்ளைங்களுக்கு மேல ஒரு ரூம் போட்லாம். லாரி வர்றதுக்குள்ள வந்துடு."

பேசிக்கொண்டே செருப்பைத் தேடினேன்.