மதிய ஓய்வு நேரத்தில் ஓர் இறுதி ஆட்டம்

ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷென் நகரில், ரயில் பாதையை ஒட்டி, ஆளுக்கொரு சிறு தோட்டமும் குடிலுமாக இருக்கும் தோட்டக் காலனியில் நெவ்ஸாத் கராபுலுத்தைக் கண்டால் வேலிச்செடிகூடத் தலையைக் குனிந்துகொள்ளும் என்பார்கள். நிலக்கரியைச் சுட்டுக் கோக் ஆக்கும் உலையில் பல வருஷம் வெந்து ஓய்வு பெற்றவர், காலனிச் சங்கத்தின் ஒழுங்குப் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வேறு யாரும் கேட்காத பதவி அது. காலையில் அளவுகோலோடு ஒரு நடை போவார். வேலி இடுப்புக்கு மேல் வளர்ந்திருந்தால் கதவைத் தட்டிவிடுவார். ஆனால் அவருக்கு உயிர் என்றால் மதிய ஓய்வு நேரம்தான். ஒன்றிலிருந்து மூன்று வரை புல்வெட்டும் இயந்திரமும் கூடாது, கூச்சலும் கூடாது.

"எங்களைவிட நீதான்யா ஜெர்மன்காரன்" என்று பக்கத்துத் தோட்டத்து லோத்தர் நோவாக் கிண்டலடிப்பார். நெவ்ஸாத் அதைப் பதக்கம் மாதிரி வாங்கிக்கொள்வார். துருக்கிப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஜெர்மன் பாஸ்போர்ட் வாங்கியவர் அவர்.

2002 கோடையில் உலகக் கோப்பை ஜப்பானிலும் கொரியாவிலும் நடந்தது. அங்கே இரவு ஆட்டம் என்றால் இங்கே சரியாக ஓய்வு நேரம். சனிக்கிழமை மூன்றாம் இடத்துக்காகத் துருக்கி ஆடியது. நெவ்ஸாத் தோட்டத்துக் குடிலின் கதவைச் சாத்தி, டிவியின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு உட்கார்ந்தார். ஆட்டம் தொடங்கி மூச்சு விடுவதற்குள் துருக்கி கோல் போட்டது. கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு அவர் குதித்த குதியில் மேசைமேல் இருந்த தேநீர் கொட்டியது.

"ஒருதரம் கத்தினா என்னங்க, தலையா போயிரும்?" என்றாள் மனைவி செஹ்ரா.

"நானே கத்திட்டா நாளைக்கு யாரைப் போய் அடக்குறது?"

துருக்கி ஜெயித்தது. காலனியில் ஒரு குருவிக்கும் விஷயம் தெரியவில்லை.

மறுநாள் ஞாயிறு, ஜெர்மனிக்கும் பிரேசிலுக்கும் இறுதி ஆட்டம், பகல் ஒரு மணிக்கு. லோத்தர் முன்கூட்டியே சங்கத்து டிவியை முற்றத்துக்கு இழுத்துவந்து, ஒலிபெருக்கி மாட்டி, தொத்திறைச்சி சுட ஆரம்பித்துவிட்டார். நெவ்ஸாத் எதிரில் போய் நின்றார்.

"லோத்தர், ஒரு மணிக்கு ஓய்வு நேரம்."

"யோவ், விளையாடாதே. இன்னிக்கு ஃபைனல்."

"நேத்து நான் வாயில துணியை வச்சுக்கிட்டுதான் பார்த்தேன்."

"அது உங்க மேட்ச், நேத்தே முடிஞ்சுபோச்சு. இது எங்க மேட்ச். உனக்கெல்லாம் புரியாதுய்யா."

சுற்றி நின்றவர்கள் கையிலிருந்த பீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டார்கள். லோத்தரின் தாத்தாவே போலந்திலிருந்து நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பிழைக்க வந்தவர்தான். அதை அந்த நேரத்தில் அவருக்கு யார் ஞாபகப்படுத்துவது? நெவ்ஸாத்துக்கு முகம் சிவந்தது. விறுவிறுவென்று குடிலுக்குத் திரும்பினார்.

"போய் ஒயரைப் பிடுங்குங்க. விதி உங்க பக்கம்தானே?" என்று செஹ்ரா கொதித்தாள்.

"பிடுங்கினா அவன் சொன்னது உண்மையாயிரும். அது என் மேட்ச் இல்லைன்னு ஆயிரும். என் டீம் ஃபைனல் ஆடுது செஹ்ரா, நான் பார்க்கணும். ஆனா திருட்டுத்தனமா இல்லை."

இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு நேரே சங்கத் தலைவி இங்கிரிட்டிடம் போனார். விதியை மீற முடியாது, ஆனால் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு ஒருநாள் நிறுத்திவைக்கலாம். அவசரக் கூட்டம் கூட்டுங்கள் என்றார். இங்கிரிட் கூட்டத்துக்கு மணியை அடித்தார்.

வேறு ஊராக இருந்தால் டிவியைப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். இவர்களோ தொத்திறைச்சி கருகக் கருகக் கூட்டம் நடத்தினார்கள். போதுமான ஆள் இருக்கிறதா என்று ஒருவர் எண்ணினார். மேளத்துக்கும் அனுமதி உண்டா என்று இன்னொருவர் விளக்கம் கேட்டார். கடைசியில் நெவ்ஸாத் எழுந்தார்.

"நம்ம டீம் ஃபைனல் ஆடுது. இன்னிக்கு ஓய்வு நேரம் ரத்துன்னு நான் முன்மொழியறேன். மேளமும் சேர்த்துதான்."

லோத்தர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. லோத்தரின் கை கடைசியாக, மெதுவாக உயர்ந்தது.

முதல் பாதி முழுக்கக் கூச்சலில் காலனி அதிர்ந்தது. இரண்டாம் பாதியில் நம் கோல்கீப்பரின் கையிலிருந்து பந்து நழுவியது. பிரேசில் ஒன்று போட்டது, பிறகு இன்னொன்றும். ஆட்டம் முடிந்தபோது முற்றத்தில் ஒரு சத்தம் இல்லை. கத்த அனுமதி வாங்கிய அன்றுதான் அந்தக் காலனி வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தது.

லோத்தர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். நெவ்ஸாத் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவர் கன்னமும் நனைந்திருந்தது.

"நல்லாத்தான்யா ஆடினோம்" என்றார்.

லோத்தர் தொப்பியை விலக்கி அந்த ஈரக் கன்னத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு பெஞ்சின்மேல் ஏறினார்.

"எல்லாரும் கேளுங்கப்பா! உலகத்துலயே ரெண்டாவது இடம் நமக்கு. மூணாவது இடமும் நம்ம காலனிக்குத்தான்! வேற எவனுக்கு இருக்கு இந்தக் கொடுப்பினை?" குனிந்து நெவ்ஸாத்தின் தோளைப் பிடித்தார். "காலையில வாய்க்கு வந்ததை உளறிட்டேன். நேத்து கத்தாம வச்சிருக்கியே ஒரு கோல், அதை இப்பக் கத்துய்யா."

நெவ்ஸாத் பழக்க தோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணி ஆகவில்லை. தீர்மானம் இருக்கிறது, கையும் தூக்கியிருக்கிறார்கள்.

எழுந்து நின்று, சட்டையைச் சரிசெய்துகொண்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக் கத்தினார். முற்றமே எழுந்து அவரோடு கத்தியது.