தாடியோடு போன இன்டர்வியூ

1. கார்டு வந்தது

இன்டர்வியூ கார்டு வந்தபோது என் முகத்தில் ஆறு மாதத் தாடி இருந்தது.

அறுபதுகளின் தொடக்கம் அது. புதுக்கோட்டையில் ஒரு தனியார் பஸ் கம்பெனி. பெயர் இங்கே வேண்டாம். அவர்களுடைய புக்கிங் ஆபீசுக்கு ஒரு கிளார்க் தேவை என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டிருந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டு, ஆலங்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் அண்ணனோடு கடலைக் கொல்லையில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தவன் நான். விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பார்க்கிற வேலை என்றால் சும்மாவா?

தாடிக்குக் காரணம் சோம்பல் இல்லை. என் மனைவி அழகம்மாள் மாசமாக இருந்தாள். பெண்சாதி மாசமாக இருக்கும்போது புருஷன் முகத்தில் கத்தி வைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். பலரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நானும் முதல் தடவை எடுத்துக்கொள்ளவில்லை. அந்த முதல் தடவை, பிள்ளை தங்கவில்லை. அதற்கும் சவரத்துக்கும் சம்பந்தம் இல்லையென்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். எனக்கும் அது புரிந்தது. ஆனாலும் இந்தத் தடவை, அவள் சொன்ன நாளிலிருந்து நான் கண்ணாடி பக்கமே போகவில்லை.

கார்டைப் படித்துக் காட்டியதும் அழகம்மாள் சொன்னாள்:

"நாளைக்கே போயி மழிச்சிட்டு வாங்க. பரதேசி மாதிரி போய் நின்னா எவன் வேலை குடுப்பான்?"

"ஒனக்குப் பயமா இல்லையா?"

"புள்ள என் வயித்துல இருக்கு. ஒங்க தாடியிலயா இருக்கு?"

சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

2. வைரவன் சலூன்

மறுநாள் ஆலங்குடிக்கு நடந்தேன். கடைவீதியில் வைரவன் சலூன். வைரவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். எங்கள் வீட்டுச் சங்கதி எல்லாம் தெரிந்தவன். நாற்காலியில் போய் உட்கார்ந்ததும் அவன் முகம் மாறிவிட்டது.

"என்னடா சின்னையா, ஏதும்…"

"ஒண்ணும் இல்லடா. நல்லாத்தான் இருக்கா. இன்டர்வியூ வந்திருக்கு."

அவனுக்கு மூச்சு வந்தது. ஆனால் கை வரவில்லை. கத்தியைத் தோல்வாரில் தீட்டினான், தீட்டினான், தீட்டிக்கொண்டே இருந்தான். பிறகு சோப்பை நுரைக்க நுரைக்கப் பூசினான். கத்தியை எடுத்துக்கொண்டு வந்து, என் காதுக்குப் பக்கத்தில் வைத்து, அப்படியே நின்றான்.

"நீ சொன்னாச் செய்றேன். நல்லா யோசிச்சுச் சொல்லு."

கண்ணாடியில் பார்த்தேன். நுரைக்குள் இரண்டு கண்கள்தான் தெரிந்தன. வேலையும் வேண்டும், பிள்ளையும் வேண்டும். ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமில்லை என்று படித்த மூளை சொல்கிறது. ஆனால் நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? அவள் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். அதுதான் எனக்குத் தாங்காது.

"வேணாண்டா," என்று எழுந்துவிட்டேன்.

துண்டால் துடைத்தும் சோப்பு தாடிக்குள் காய்ந்து வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. ஒரே நாளில் கிழவனாகிவிட்டவன்போல வீட்டுக்கு வந்தேன். வாசலில் பார்த்ததும் அழகம்மாள் சிரித்தாள். கிட்டே வந்து தாடியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"நீங்க போனதுலேருந்து எனக்குக் கை காலே ஓடல," என்றாள்.

முந்தின நாள் அவள் சட்டென்று அடுப்படிக்குள் போனது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

3. மேனேஜர் கேட்ட கேள்வி

தாடியைச் சீவி, எண்ணெய் தடவி, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போனேன். மேனேஜர் நடுவயதுக்காரர். பென்சில் மீசை. வேட்டி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். கையெழுத்தைப் பார்த்தார், கணக்குக் கொடுத்தார், போட்டுக் காட்டினேன். இலுப்பூருக்குப் போகிற வழியில் எந்தெந்த ஸ்டாப்பிங் என்று கேட்டார், சொன்னேன். எல்லாம் நன்றாகத்தான் போனது.

"தாடி எதுக்குய்யா? சாமிக்கு வேண்டுதலா, காதல் தோல்வியா?"

"வீட்டுல மாசமா இருக்காங்க சார்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். கேலி இல்லை, ஆனால் சிரித்தார்.

"சரிதான். ஆனா கவுண்டர்ல மூஞ்சிதான்யா முதல். பொம்பளையாளுக, புள்ளைகுட்டிக டிக்கெட் வாங்க வருவாங்க. நாளைக்குச் சவரம் பண்ணிட்டு வா. வேலை ஒனக்குத்தான்."

அந்த வார்த்தையைக் கேட்க எத்தனை நாள் காத்திருந்தேன்! கை தானாகத் தாடிக்குப் போனது.

"முடியாது சார்," என்றேன்.

"முடியாதா? வேலை வேணுமா வேணாமா?"

"வேணும் சார். ஆனா சவரம் பண்ண முடியாது."

அவர் கார்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். "அப்ப நான் என்ன செய்ய? போயிட்டு வா தம்பி." அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

நான் இதை வீட்டில் சொன்னபோது அழகம்மாள் திட்டுவாள் என்று நினைத்தேன். "அவரு ஆளு எப்படி?" என்று மட்டும் கேட்டாள். "நல்ல மனுஷன்தான்," என்றேன். "அப்பச் சரி," என்றாள். என்ன சரி என்று சொல்லவில்லை.

4. அழகம்மாள் போன இன்டர்வியூ

அந்த வாரமே புதுக்கோட்டைப் பெரியாஸ்பத்திரியில் அவளைக் காட்ட வேண்டியிருந்தது. காட்டிவிட்டு வெளியே வந்ததும், "அந்தக் கம்பெனி எங்கிட்டு இருக்கு?" என்றாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். வயிற்றைத் தாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் பின்னால் நடந்தேன்.

மேனேஜர் அவளைப் பார்த்ததும் எழுந்து தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். "உக்காரும்மா, மொதல்ல உக்காரு."

அவள் உட்கார்ந்தாள்.

"இவருக்குத் தாடி எடுக்க மனசு வரலைங்க. எடுத்தா எனக்கும் தூக்கம் வராதுங்க. மொத புள்ள தங்கலைங்க."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் இதை அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

"ஆளு கண்ணுல படுற எடத்துலதானே தாடி ஆகாது? ஆளு வராத எடமா ஏதும் இருந்தா அங்கிட்டுப் போடுங்களேன். இவரு எழுத்து முத்து முத்தா இருக்கும். வேலைக்கு அஞ்ச மாட்டாருங்க."

மேனேஜர் ஆபீஸ் பையனைக் கூப்பிட்டு அவளுக்கு ஒரு சோடா கலர் வாங்கி வரச் சொன்னார். அவள் குடித்து முடிக்கும்வரை வேறு ஏதோ பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ் ஷெட்டுல ஸ்டோர்ஸ் இருக்கு," என்றார் கடைசியில். "ஸ்பேர்ஸ் எடுத்துக் குடுத்து எழுதி வைக்கணும். ஒரே கிரீஸும் டீசலுமா இருக்கும். விசிறி கிடையாது. அங்க இருக்கிறவனுக எவனும் ஒன் மூஞ்சியப் பாக்க மாட்டான். சம்பளமும் கவுண்டரை விடக் கம்மிதான். வாரியா?"

"வாரேன் சார்," என்றேன், அழகம்மாளுக்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று.

5. ஸ்டோர்ஸ்

ஷெட்டில் எனக்கு முதல் நாளே 'சாமியார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "சாமி, ஒரு ஃபேன் பெல்ட்!" "சாமி, ஸ்பிரிங்ல மெயின் பிளேட் ஒடஞ்சு போச்சு, புதுசு இருக்கா?" கியர் ஆயில் வாசம் ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பிரேக் லைனிங் எது, கிளச் பிளேட் எது என்று மெக்கானிக்குகள் சொல்லச் சொல்லக் கற்றுக்கொண்டேன். எந்தச் சாமான் எந்த அலமாரியில் என்று நானே சீட்டு எழுதி ஒட்டினேன்.

பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சௌக்கியம். வைரவனிடம் போனேன். இந்தத் தடவை அவன் கத்தியை ஒரே ஒரு முறைதான் தீட்டினான்.

மறுநாள் ஷெட் வாசலில் வாட்ச்மேன் என்னை மறித்தார். "யாருங்க? யாரைப் பாக்கணும்?" என் குரலைக் கேட்டதும் விசில் ஊதியே எல்லாரையும் கூட்டிவிட்டார். ஆளாளுக்கு வந்து என் தாடையைத் தொட்டுப் பார்த்தார்கள்.

விஷயம் தெரிந்து மேனேஜரும் வந்தார். இனிப்புக் கொடுத்தேன். என் முகத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானய்யா இருக்கே! கவுண்டருக்கு வந்துடுறியா?" என்றார்.

ஷெட் ஃபோர்மேன் குறுக்கே வந்தார். "அதெல்லாம் முடியாது சார். ஒரு போல்ட்டுக்கு அரை நாளு தேடின காலம் போதும்."

என்னைப் பார்த்தார் மேனேஜர். "இங்கேயே இருக்கேன் சார்," என்றேன். ரிட்டயர் ஆகும்வரை ஸ்டோர்ஸில்தான் இருந்தேன்.

இப்போது வேலைக்குப் போகும் பிள்ளைகள் என்னிடம் இன்டர்வியூவுக்கு யோசனை கேட்கிறார்கள். மீசையை வைக்கலாமா, எடுக்கலாமா என்றுகூடக் கேட்கிறார்கள். அது உங்கள் இஷ்டம். நான் சொல்வது வேறு. உங்களால் முடியாதது ஒன்று இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். உங்களால் முடிவது என்ன என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். அன்று மேனேஜர் முன்னால் நான் முதல் பாதியைத்தான் சொன்னேன். இரண்டாம் பாதியை என் பெண்சாதி வயிற்றைத் தாங்கிக்கொண்டு போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.